தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு புத்தகம்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் முகம் பார்க்காமல் இருந்துவிடலாம். காதில் விழாமல் இருக்க முடியுமா? அதுவும் நடுவில் இருப்பது செங்கல் சுவராக இல்லாமல் வெறும் பிளைவுட் தடுப்பாக இருந்தால்? பெரியவள் தையல் மெஷினை மிதித்தால் சின்னவள் வீட்டு டம்ளர்கள் அலமாரியில் ஆட்டம் போடும். சின்னவள் மிக்ஸியைப் போட்டால் பெரியவள் வேண்டுமென்றே இருமுவாள். தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. பலகை போதவில்லை என்று தச்சர் மேலே ஒரு முழம் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தச்சர் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டது சண்டையில் இல்லை. பிரித்த அன்றும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள். சண்டை வந்தது அவர்கள் மனைவிமாருக்குள். இருந்த ஒரே ஜன்னல் பெரியவள் பக்கம் போய்விட்டது. சின்னவள் ஏதோ முணுமுணுத்தாள். அதற்குப் பெரியவள், "நான் துணி தைக்கிறவ, எனக்கு வெளிச்சம் வேணும். கடை கூட்டப் போறவளுக்கு எதுக்கு ஜன்னல்?" என்று கேட்டுவிட்டாள். கூட்டப் போறவள். அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தைத்து உள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் வாசலில் எதிரே வந்தால் ஒருத்திக்கு உடனே கொடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும்.

சின்னவள் கடை கூட்டினாள் என்பது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் அவள் வேலை இல்லை. கடைத்தெரு முனையில் இருந்த போட்டோ ஸ்டுடியோவில் அவள்தான் பாஸ்போர்ட் படங்களை அளவாக வெட்டுவாள், சட்டம் போடுவாள், லேமினேஷன் மெஷினில் தாள் சுருங்காமல் நுழைப்பாள், அழுகிற குழந்தைக்கு முன்னால் சாவிக்கொத்தை ஆட்டுவாள். ஸ்டுடியோ முதலாளியை ஊரில் எல்லோரும் 'சிரிங்க சார்' என்பார்கள். காலை முதல் மாலை வரை வருகிறவர்களையெல்லாம் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்கிற வேலை முதலாளியின் அக்கா மகனிடம் இருந்தது. அவன் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலாளிக்குக் கேமராதான் தெரியும், கம்ப்யூட்டர் என்றால் காத தூரம். இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து சின்னவள் முன்னால் வைத்தார். டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கிறவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் எப்படித் திருத்துவது என்று சொல்லித்தருகிற புத்தகம். பளபளப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

"கை சுத்தமா வேலை செய்யற. கத்துக்க முடியும்னா கத்துக்க," என்றார் முதலாளி. "ஸ்கூல் ஆர்டர் வர்றதுக்குள்ள தேறிட்டா அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி உனக்கு. இல்லன்னா வெளியிலேருந்து ஒரு ஆளைப் போடணும். வெட்டறது ஒட்டறதெல்லாம் அவனே பாத்துக்குவான். ரெண்டு பேருக்கு இங்க இடமில்லம்மா, நானும் சொல்லிட்டேன்."

மிரட்டிச் சொல்லவில்லை, பாவம். உள்ளதைச் சொன்னார். சின்னவள் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவள் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தம்பி பெண்டாட்டி. அந்தக் கடையில்தான் அவள் அவளாக இருந்தாள். முகம் முகமாக வெட்டி அடுக்கிவைக்கும்போது அவளுக்குள் வருகிற நிம்மதி வேறெங்கும் வந்ததில்லை.

சின்னவள் தமிழ் நன்றாகப் படிப்பாள். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும். எழுத்துக் கூட்டினால் சத்தம் வரும். சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அன்று மாலை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம வீட்ல இங்கிலீஷ் படிச்சது அண்ணி ஒருத்திதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்குப் போனான். ஆண்கள் இப்படித்தான், தீப்பெட்டியை நடுவில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள்.

சின்னவள் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு கூரையைப் பார்த்து, யாரிடமும் சொல்லாததுபோல, "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"யாராவதுன்னா யாரு? தெரு முழுக்க ஆள் இருக்கு," என்றது தடுப்பு.

"தெருவெல்லாம் தெரியாது. ஒரு புத்தகம் படிச்சுச் சொல்லணும். சொல்லலன்னா வேலை போயிரும்."

"கூட்டறதுக்குக்கூடப் புத்தகம் வந்துருச்சா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் பெரியவளை என்னவோ செய்தது. சற்றுக் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, "இப்படி மேல தூக்கிப் போடு. என் தலையில போட்றாத," என்று குரல் வந்தது. சின்னவள் ஸ்டூலில் ஏறித் தடுப்புக்கு மேலே புத்தகத்தை நீட்டினாள். அந்தப் பக்கம் ஊசி குத்தாமலிருக்க விரலில் தொப்பி மாட்டிய கை ஒன்று வாங்கிக்கொண்டது. முகம் தெரியவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் பாடம். மாலையில் வேலையெல்லாம் முடிந்ததும் பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வரி இங்கிலீஷில் படிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள். சின்னவள் இந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பெரியவள் கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்தவள். இங்கிலீஷ் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் படம் திருத்துவதை ஜென்மத்தில் பார்த்ததில்லை. சின்னவள் கம்ப்யூட்டரைத் தினம் துடைத்தவள், புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவள். ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாது. இருவரையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறும்.

"லாஸோன்னு சுருக்குக் கயிறு ஒண்ணு இருக்காம்," என்பாள் பெரியவள். "அதை எடுத்து முகத்தைச் சுத்திப் போடணுமாம்."

"எதுக்குக்கா? தூக்குலயா போடறோம்?"

"எனக்கென்ன தெரியும்? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. சுத்தினப்புறம் முகத்தைத் தனியா எடுத்துரலாமாம்."

"கொலைகாரப் புத்தகமா இருக்கே."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் பெரியவள் அடக்கிவிட்டாள்.

அடுக்கு என்று ஒரு பாடம் வந்தது. அசல் படத்தின் மேல் ஒரு அடுக்கு வைத்து, அதில்தான் வேலை செய்ய வேண்டும். சின்னவளுக்கு மண்டையில் ஏறவில்லை. "துணிக்கு லைனிங் கொடுக்கறோம்ல, அதை மேல போட்டதா நெனச்சுக்க. கறை பட்டாலும் லைனிங்கோட போயிரும், துணி தப்பிச்சிரும்," என்றாள் பெரியவள். உடனே ஏறிவிட்டது. அசல் படத்தைத் தனியாக எடுத்துவைக்காமல் எதிலும் கை வைக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதைப் பெரியவள் தினமும் பாடம் தொடங்கும் முன் சாமிக்கு விளக்கேற்றுவதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்து மறுநாள் கடையில் செய்து பார்ப்பது சின்னவளின் வழக்கம். மறந்துவிடக்கூடாதே என்று காலையில் சமையல் மேடையிலேயே ஒத்திகை. சோப்பு டப்பாதான் மவுஸ். மேலே போய், இடது மூலை, மூன்றாவது வார்த்தை, ஒரு தட்டு. புருஷன் வந்து பார்த்துவிட்டு, "சோப்பு டப்பாவை எங்க ஓட்டிட்டுப் போற?" என்று கேட்டான். "வேலைக்கு," என்றாள்.

நிறத்தைச் சரிசெய்கிற பாடம் வந்தபோது பெரியவள் எண்களாக வாசித்தாள். சிவப்பில் முப்பது குறை. நீலத்தில் இருபது கூட்டு. நிழலை நாற்பது தூக்கு. சின்னவள் அதை வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போட்டுக்கொண்டு போய் ஒரு பாஸ்போர்ட் படத்தில் செய்தாள். என்ன ஆச்சரியம், காய்ச்சல் வந்தவர் மாதிரி இருந்த ஆள் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஸ்டுடியோவில் இருந்தவை பழைய மஞ்சள் விளக்குகள்; அவற்றின் கீழ் நின்றால் யாருமே செக்கச்செவேலென்றுதான் விழுவார்கள். அந்த எண்கள் அதற்குப் பொருந்திவிட்டன. அது சின்னவளுக்குத் தெரியாது. புத்தகம் சொன்னது, நடந்தது. அவ்வளவுதான். முதலாளி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ம்," என்றார். சிரிங்க சாரிடமிருந்து ஒரு 'ம்' வாங்குவது லேசில்லை.

ஸ்கூல் ஆர்டர் வந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை வெளியில் நிறுத்தி முதலாளி படம் எடுத்துவந்தார். அன்று காலையில் மேகம் மூடிக் கிடந்தது, மத்தியானம் வெயில் அடித்தது. ஒரு படத்துக்குச் செய்ததை எல்லாப் படத்துக்கும் கம்ப்யூட்டரே செய்துகொள்கிற வித்தையும் புத்தகத்தில் இருந்தது. சின்னவள் தன் வாய்ப்பாட்டை அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பிள்ளைகள் ஒவ்வொரு வரிசையாக மாறினார்கள். பார்க்க என்னவோபோலத்தான் இருந்தது. உதடெல்லாம் நாவல்பழம் தின்றதுபோல. கண்ணுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் நம் கண் பெரிதா, அச்சடித்த புத்தகம் பெரிதா? படிக்கத் தெரியாத எழுத்தின் மேல் வருகிற பக்தி இருக்கிறதே, அதுபோல ஒன்று கிடையாது.

மாதிரிக்குச் சில படங்களை அச்சடித்துப் பள்ளிக்கூட டீச்சரிடம் காட்டினார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார், பிள்ளைங்கள ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு எடுத்தீங்களா?" என்றார். "இதை வீட்டுக்குக் குடுத்தா அம்மாமாருங்க டாக்டர்கிட்டதான் தூக்கிட்டு ஓடுவாங்க. நாளன்னைக்குக் காலையில எனக்கு எல்லாம் வேணும்."

டீச்சர் போனதும் முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போனை எடுத்து, "நாளன்னைக்கு வந்து சேந்துருப்பா," என்று யாரிடமோ சொன்னார். பிறகு சின்னவளிடம், "உன்மேல தப்பில்ல. நான்தான் புத்தகத்தை நம்பினேன்," என்றார்.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். அசல் படமெல்லாம் பத்திரமா இருக்கு."

"அசல் இருக்கா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. நாளைக்கு ஒரு நாள்."

அசல் இருந்தது என்றால் அது பெரியவளின் வாய் செய்த புண்ணியம். வழியெல்லாம் சின்னவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தவள் தன் பக்கம் போகவில்லை. பெரியவள் வாசலில் போய் நின்றாள். தடுப்பு வைத்த நாளிலிருந்து மிதிக்காத வாசல்.

பெரியவள் வாயில் குண்டூசியோடு நிமிர்ந்தாள். இருவருக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருத்தி கண்ணுக்கு மற்றவள் கொஞ்சம் வயதாகித் தெரிந்தாள்.

"அக்கா, அந்த நிறம் மாத்தற பக்கத்தக் காட்டுங்க. நான் கண்ணால பாக்கணும்."

பெரியவள் குண்டூசியை எடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு ஏரி. பின்னால் பனிமலை. சாயங்கால வெயிலில் தண்ணீரெல்லாம் நெருப்பாகச் சிவந்து கிடந்தது. பக்கத்தில் அதே ஏரி, சரிசெய்யப்பட்டு, சில்லென்று. முதல் நாள் புரட்டியபோது கண்ணில் பட்ட படம்தான்; இத்தனை நாள் காதால் கேட்டுவந்த பாடம் இதற்குத்தான் என்பது சின்னவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி.

"இது என்னக்கா?"

"அதுவா? படத்தோட பேரு, எடுத்தவன் பேரு ஏதாவது இருக்கும். பொடி எழுத்தெல்லாம் நான் படிக்கறதில்ல, கண்ணு வலிக்குது."

"இப்ப படிங்க."

பெரியவள் புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மேலே கொடுத்த எண்கள் இந்தப் படத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு படத்தின் வெளிச்சமும் வேறு. உங்கள் படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் எது என்று தேடுங்கள். அது வெள்ளையாகத் தெரிகிறவரை மாற்றுங்கள்.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சின்னவள் நடந்ததைச் சொன்னாள். ஐஸ் பெட்டி, போன், நாளன்னைக்கு வரப்போகிற ஆள், எல்லாம். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அதுதான் பெரியவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"ஒருத்திக்கு எடுத்த அளவுல ஊருக்கெல்லாம் தைக்க வச்சிட்டேனே," என்றாள். "நானே தையக்காரி. என்னை என்ன சொல்றது."

"நீங்க படிக்கலன்னா எனக்கு அந்த முப்பதும் இருபதும்கூடத் தெரிஞ்சிருக்காதுக்கா."

"வாயாடாத. நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை தொறப்பாங்க?"

மறுநாள் காலையில் பெரியவள் தைக்க வந்த துணிகளை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் முதலாளி பழக்கதோஷத்தில், "உக்காருங்க, சிரிங்க," என்றார்.

"படம் எடுக்க வரல. உங்க புத்தகத்தைப் படிச்சவ நான்தான்," என்றாள் பெரியவள். "இவளைத் திட்டறதா இருந்தா பாதி எனக்கு வச்சிருங்க."

"இவங்க யாரும்மா?"

"எங்க அக்கா," என்றாள் சின்னவள். ஓரகத்தி என்று சொல்ல நா வரவில்லை.

கம்ப்யூட்டர் திறந்ததும் பெரியவள் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். இவ்வளவு நாள் வாய் வலிக்கப் படித்த வார்த்தையெல்லாம் அங்கே வரிசையாக நின்றது. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல ஒவ்வொன்றாக விரல் வைத்து விசாரித்தாள். "இதுதான் அந்த அடுக்கா? சுருக்குக் கயிறு எங்க? இதா? இத்தனூண்டு இருக்கு, இதுக்கா அவ்வளவு பயந்தோம்?"

பிறகு அசல் படங்களை எடுத்தார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பொருளைத் தேட வேண்டியதே இல்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. சின்னவள் மெதுவாக நகர்த்தினாள். "இப்ப?" என்றாள்.

"இது நீலம் தூக்கலாப் போட்டு அலசின வெள்ளை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"இப்ப?"

"இது பழுப்பேறின வெள்ளை. பின்னால வா. ஆங், நில்லு. இது கடையிலேருந்து வந்த புதுசு."

சட்டை வெள்ளையானதும் முகங்கள் தாமாகவே வந்துவிட்டன. கறுப்புப் பிள்ளை கறுப்பாக, மாநிறப் பிள்ளை மாநிறமாக, வெயிலில் விளையாடுகிறவன் மூக்கு மட்டும் தனியாகச் சிவந்து. காலை வகுப்புகளுக்கு ஒரு அளவு, மத்தியான வகுப்புகளுக்கு வேறு அளவு. மரத்தடியில் நின்ற வரிசைக்குத் தனியாக ஒன்று. எந்த எண்ணையும் சின்னவள் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். இதற்கு முன் எத்தனை முகங்களை வெட்டியிருப்பாள். பார்த்தது இன்றைக்குத்தான் என்று தோன்றியது. முதலாளி இரண்டு டீ வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலேயே பெரியவளுக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கடை அடைக்கிற நேரத்துக்குக் கடைசி வகுப்பும் முடிந்தது.

டீச்சர் சொன்ன காலையில் வந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புதிதாக வரச் சொன்ன ஆளும் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தான், நல்ல இஸ்திரி போட்ட சட்டையோடு. டீச்சர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். ஓரத்தில் நின்ற ஒரு பெண் பிள்ளையைத் தொட்டு, "இவ முகத்துல இந்தக் களை இருக்குன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பேன். எந்தப் படத்துலயும் விழுந்ததில்ல," என்றார். அப்புறம் நிமிர்ந்து, "யாரு பண்ணது?" என்று கேட்டார்.

முதலாளி சின்னவளைக் காட்டினார்.

"நான் செஞ்சேன். எங்க அக்கா படிச்சாங்க. கண்ணு அவங்களோடது பாதி," என்றாள் சின்னவள். வீட்டு மனிதருக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? நேரில் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். அதனால் அவள் ஊராருக்கு முன்னால் சொன்னாள்.

முதலாளி வாசலுக்குப் போய், நின்றிருந்தவன் தோளில் கை போட்டு ஏதோ சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்தவர், "தொடப்பத்த இனிமே நான் எடுத்துக்கறேன். நீ போய் உன் நாற்காலியில உக்காரு," என்றார். அப்போது அவர் உதடு கொஞ்சம் அகன்றது என்று சின்னவள் இன்றைக்கும் சாதிப்பாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இன்றைக்கு அந்தக் கடைத்தெருவில் படம் என்றால் சின்னவள்தான். பழைய படம், கிழிந்த படம், தண்ணீர் பட்ட படம், எல்லாம் அவளைத் தேடி வருகிறது. கேட்கிறவர்களிடமெல்லாம் அவள் புத்தகத்தையும் சொல்வாள், முதலாளியையும் சொல்வாள், எல்லாருக்கும் முன்னால் பெரியவளைச் சொல்வாள்.

அதெல்லாம் பிற்பாடு. டீச்சர் மெச்சிக்கொண்ட செய்தி அன்றே பெரியவள் காதுக்கும் போய்விட்டது. சாயங்காலம் சின்னவள் அவள் வாசலுக்கு வந்தபோது பெரியவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரை எதுக்கு அங்க இழுத்த? நாளைக்கு ஒண்ணு கோணிச்சுன்னா என்னையும்ல வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"கேக்கட்டுமாம். திமிரப் பாரு." பெரியவள் மடியில் இருந்த துணியை உதறி ஒதுக்கிவிட்டுப் பாயில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். "அங்க நின்னுக்கிட்டு என்ன பாக்கற? வந்து உக்காரு. படத்துல சிலருக்குக் கண்ணு நெருப்பு மாதிரி செவப்பா விழுதுல்ல, அதை எப்படி எடுக்கறதுன்னு புத்தகத்துல போட்டிருக்கான்."